ஓட்டுக் கேட்டல்: உலா மரபும் வாக்காளர் உணர்வும்

ஆய்வுச் சுருக்கம்

வேட்பாளர் தெருவுக்கு வருவதை அரசவுலாவோடும், வாக்காளர் அவர்மீது கொள்ளும் பற்றைப் பக்தியோடும் ஒப்பிடுவது எளிது. அவ்வொப்புமை பாதியளவே பொருந்தும் என்பது இக்கட்டுரையின் வாதம். உலாவில் உணர்வு, தலைவனைக் காண்பதால் பிறக்கிறது. வாக்குச் சேகரிப்பிலோ, தான் காணப்பட்டதாகவும் கேட்கப்பட்டதாகவும் வாக்காளர் உணரும் இடத்தில்தான் அது வேர்கொள்கிறது. 1967 முதல் 2024 வரையிலான சில தமிழகப் பரப்புரை நிகழ்வுகள் இந்நோக்கில் இங்கு ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: உலா, விளி, மெய்ப்பாடு, வாக்குச் சேகரிப்பு, திராவிட இயக்கப் பேச்சுக்கலை

முன்னுரை

தமிழகத்துத் தெருக்களில் ஒரு சட்டமன்ற உறுப்பினரைப் பற்றி அடிக்கடி கேட்கக் கிடைக்கும் குறை, ‘ஓட்டு வாங்கிட்டுப் போனவர் இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கலை’ என்பது. இத்தொடரில் எழுவாய் வேட்பாளர். பார்க்கும் வினையும் அவருடையது. வாக்காளர் தாம் தலைவரைக் காணவில்லை என்று குறைபடவில்லை; தலைவர் தம்மைக் காணவில்லை என்றே குறைபடுகிறார். அன்றாட வழக்கில் தெளிவாக உள்ள இவ்வேறுபாடு, தமிழக அரசியல் பண்பாடு குறித்த ஆய்வுகளில் உரிய இடம் பெறவில்லை.

அவ்வாய்வுகளுள் இரண்டு நூல்கள் தவிர்க்க இயலாதவை. எம்.எஸ்.எஸ். பாண்டியனின் ‘தி இமேஜ் டிராப்’ (1992), எம்.ஜி.ஆர். ஆட்சியால் பெரும்பயன் பெறாத ஏழை மக்களே அவருக்கு உறுதியான ஆதரவாளர்களாக இருந்தது எவ்வாறு என்ற வினாவை எழுப்பி, திரையில் கட்டமைந்த பிம்பத்தில் விடை தேடியது. பெர்னார்ட் பேட் மதுரையில் செய்த களப்பணியின் அடிப்படையில் எழுதிய ‘தமிழ் ஆரட்டரி அண்ட் தி டிராவிடியன் ஈஸ்தெட்டிக்’ (2009), செந்தமிழ் மேடைப்பேச்சை ஒரு நவீன அரசியல் அழகியலாக விளக்கியது. தலைவர்களைப் போற்றும் நாளிதழ் விளம்பரங்களில் பக்தி இலக்கியத்தின் சாயலையும் அது சுட்டியது. முன்னது வாக்காளரைப் பிம்பத்தில் சிக்கியவராகவும், பின்னது அழகியலில் தோய்ந்தவராகவும் காண்கிறது. இரண்டிலும் ஒளி விழும் இடங்கள் திரையும் மேடையுமே. மேடையிலிருந்து இறங்கி வீட்டு வாசலுக்கு வரும் வேட்பாளரும், வாசலில் நின்று விடையளிக்கும் வாக்காளரும் நிழலிலேயே நிற்கின்றனர்.

உலாவின் பார்வைத் திசை

உலாவின் இலக்கணம் தெளிவானது. பாட்டுடைத் தலைவன் வீதியில் பவனி வருகிறான்; பேதை முதல் பேரிளம்பெண் ஈறான ஏழு பருவ மகளிர் அவனைக் கண்டு காதல் கொள்கின்றனர். தலைவனின் குடியும் கொடையும் பவனியும் முன்னெழுநிலையாகவும், மகளிரின் மயக்கம் பின்னெழுநிலையாகவும் அமையும். சேரமான் பெருமாள் நாயனாரின் திருக்கயிலாய ஞானவுலாவில் தலைவன் சிவன். ஒட்டக்கூத்தரின் மூவருலாவில் விக்கிரம சோழன், இரண்டாம் குலோத்துங்கன், இரண்டாம் இராசராசன் ஆகிய மூவர். இறைவனுக்குரிய வடிவம் அரசனுக்கும் பொருந்தியதால், இன்று அது வேட்பாளருக்கும் பொருந்துகிறது என்று கூறத் தோன்றுவது இயல்பே. திறந்த ஊர்தி, மலர் தூவல், மாடிகளிலும் சன்னல்களிலும் நிற்கும் பெண்கள் எனப் புறக்கூறுகள் அனைத்தும் ஒத்துவருகின்றன.

ஆயின் உலாத்தலைவன் அப்பெண்களிடம் எதையும் கேட்பதில்லை. அவன் வருவது பெறுவதற்கன்று, தோன்றுவதற்கு. பேதைக்கு விளங்காத ஏதோவொன்று தோன்றி மறைவதும், பேரிளம்பெண் நிறை அழிவதும் அவனைச் சற்றும் தீண்டுவதில்லை. ஊர்வலம் அடுத்த தெருவுக்கு நகர்ந்துவிடும். மகளிருள் எவருக்கும் பெயர் இல்லை. அவர்கள் பருவங்களே, ஆட்கள் அல்லர்.

வாக்குச் சேகரிப்பு இதற்கு நேர்மாறான தேவையிலிருந்து எழுகிறது. வருபவரே இரப்பவர். அவர் கையில் வாக்காளர் பட்டியல் இருக்கிறது. அதில் ஒவ்வொருவருக்கும் பெயரும் வயதும் வீட்டு எண்ணும் உண்டு. வாசலில் நிற்பவர் மறுக்கலாம், கேள்வி கேட்கலாம், கதவைச் சாத்தலாம். இவ்வாய்ப்பு உலாவின் இலக்கணத்துள் அடங்காது. இரப்போனும் புரப்போனும் எதிர்கொள்ளும் பாடாண் துறைகளோடு வைத்துப் பார்த்தால், பாணனின் இடத்தில் வேட்பாளரும் வள்ளலின் இடத்தில் வாக்காளரும் நிற்பது புலப்படும். ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை, சில வாரங்களுக்கு மட்டும் நிகழும் இடமாற்றம் இது.

ஒலிபெருக்கிகளுக்கு இரவு 10 மணிக்குமேல் தடை உண்டு. அந்நேரத்திற்குப் பின்னும் மக்கள் காத்திருந்தால், தலைவர்கள் வாய் திறவாமல் கைகூப்பியபடியே ஊர்தியில் கடந்து செல்வதைத் தேர்தல் காலங்களில் காணலாம். தேர்தல் விதி ஒன்று தன்னையறியாமல் பரப்புரையைத் தூய உலாவாக மாற்றிவிடும் தருணம் அது. காத்திருந்தோர் அதில் மகிழ்வதும் உண்மை. ஆனால் மறுநாள் அவர்கள் சொல்லிக்கொள்வது எது என்பது கவனிக்கத்தக்கது: ‘எங்களைப் பார்த்துக் கும்பிட்டார்’. தூய உலாவிலும் வாக்காளர் தம்மைப் பார்வையின் செயப்படுபொருளாகவே வைத்துப் பேசுகிறார்.

பக்தி என்னும் விளக்கத்திற்கும் இதுவே மறுப்பு. பக்தி என்றே கொள்வதாயினும், எந்தப் பக்தி என்று வினவ வேண்டும். இறைவனிடம் பொன் கேட்டவரும், குண்டையூரில் குவிந்த நெல்லைத் திருவாரூருக்குக் கொண்டுசெல்ல ஆள் கேட்டவரும், கண்ணொளி இழந்தபோது உரிமையோடு ஏசியவரும் தமிழ்ப் பக்தி மரபில்தான் இருக்கிறார். சுந்தரரின் தோழமை நெறியை விட்டு, கேள்வியற்ற சரணாகதியை மட்டும் வாக்காளர்மேல் ஏற்றுவது அவருடைய தீர்ப்பாற்றலைப் பறிப்பதாகும். 1967இல் படியரிசி வாக்குறுதிக்குச் செவிசாய்த்தவர்களை நெல் கேட்ட சுந்தரரோடு ஒப்பிடுவதில் பிழையில்லை.

விளியும் உறவும்

தொல்காப்பியம் விளிக்கெனத் தனி இயலே வகுத்துள்ளது. ஒருவரை எவ்வாறு அழைக்கிறோம் என்பது அவரை எவ்விடத்தில் நிறுத்துகிறோம் என்பதாகும். அண்ணா 1955 முதல் ‘திராவிட நாடு’ இதழில் எழுதிய மடல்கள் தம்பியை விளித்தன. கருணாநிதியின் முரசொலி மடல்கள் உடன்பிறப்பை விளித்தன. எம்.ஜி.ஆர். அவ்வுடன்பிறப்பை இரத்தத்தின் இரத்தமாக்கினார். மூன்றும் கிடைநிலை உறவுகள். மூத்தோர், இளையோர் என்ற சிறு வேறுபாடு மட்டுமே உண்டு. ஜெயலலிதாவின் காலத்தில் ‘அம்மா’ என்னும் பெயர் நிலைபெற்றபோது அச்சு செங்குத்தாயிற்று; தொண்டர் பிள்ளையானார். அவர் 2014 பரப்புரை மேடைகளில் ‘செய்வீர்களா?’ என்று திரும்பத் திரும்ப வினவியதும், கூட்டம் ஒருமித்து விடையளித்ததும் இவ்வுறவின் நாடக வடிவம். அவ்வாண்டு அவரது கட்சி தமிழகத்தின் 39 தொகுதிகளில் 37இல் வென்றது.

இவ்விளிகளைப் பற்றி நிறையவே எழுதப்பட்டுள்ளது. அவை மேடைக்கும் இதழுக்கும் உரிய விளிகள் என்பது மட்டும் போதிய அளவு வலியுறுத்தப்படவில்லை. தெருவில் வழங்கும் விளி வேறு. அங்கு எல்லாக் கட்சி வேட்பாளர்களும் ‘தாய்மார்களே, பெரியோர்களே’ என்றே தொடங்குகின்றனர். வாசலில் நிற்கும் முதியவளை ‘அம்மா’ என்றும், முதியவரை ‘ஐயா’ என்றும் அழைக்கின்றனர். மேடையில் தலைவர் அம்மா. தெருவில் வாக்காளர் அம்மா. ஒரே கட்சியின் ஒரே நாள் பரப்புரைக்குள் இவ்விரு அம்மாக்களும் இருக்கின்றனர். மேடை விளியை மட்டும் கொண்டு வாக்காளரின் உணர்வை அளந்தால், இரண்டாவது அம்மா கணக்கில் வராமல் போகிறாள்.

ஆரத்தியையும் இங்குச் சேர்த்துப் பார்க்கலாம். கண்ணேறு கழிக்க வீட்டுப் பெரியவர்கள் செய்யும் சடங்கு அது. மணமக்களுக்கும், பயணம் முடித்து வீடு திரும்புவோருக்கும் எடுப்பது. வேட்பாளருக்கு ஆரத்தி எடுக்கும் பெண், சடங்கின் மொழியில், அவரை வாழ்த்தும் இடத்தில் நிற்கிறாள். தட்டில் பணம் விழுந்தவுடன் அவ்விடம் கலைகிறது. வாழ்த்தியவள் கூலி பெற்றவளாகிறாள். வாக்குக்குப் பணம் தருவது குறித்த பொதுப்பேச்சு பெரும்பாலும் வாக்காளரின் பேராசையைப் பற்றியதாகவே அமைகிறது. 2017 ஏப்ரலில் சென்னை ஆர்.கே. நகர் இடைத்தேர்தலே பணப்பட்டுவாடா காரணமாக நிறுத்தப்பட்டபோதும் பேச்சின் திசை மாறவில்லை. வாழ்த்தும் நிலையிலிருந்து வாக்காளரை இறக்கும் செயலாக அப்பணத்தைக் காண்பது அதனினும் பொருத்தமுடையது.

வேட்பாளர் தேநீர்க்கடையில் தேநீர் ஆற்றுவதும், வடை சுடுவதும், துணிக்கு இஸ்திரி போடுவதும் இன்று படக்கருவிகளுக்கு முன் நிகழும் வாடிக்கைகள். வாக்காளரைக் காண வந்ததுபோன்ற தோற்றத்தில், தம்மைக் காண வைக்கும் முயற்சி இது, வேடமிட்ட உலா. இதனால் பிறக்கும் மெய்ப்பாடு பெரும்பாலும் நகை. அந்நகை எள்ளலின் பாற்பட்டது என்பதை, சூழ்ந்து நிற்போர் முகங்களே காட்டிவிடும்.

வராத வேட்பாளர்: 1967, 1984

மேற்கண்ட வாதத்திற்கு வலுவான எதிர்ச்சான்று ஒன்று உண்டு. வேட்பாளர் தம்மை வந்து கண்டதால் உணர்வு பிறக்கிறது என்றால், வராமலே வென்றவரை எவ்வாறு விளக்குவது? 1967 ஜனவரி 12 அன்று எம்.ஜி.ஆர். சுடப்பட்டார். கழுத்தில் கட்டுடன் மருத்துவமனையில் இருந்த அவரது ஒளிப்படம் சுவரொட்டிகளாகத் தமிழகமெங்கும் பரவியது. தொகுதிக்குச் செல்லாமலே பரங்கிமலையில் அவர் வென்றார். 1984இல் அவர் நியூயார்க்கின் புரூக்ளினில் சிகிச்சை பெற்றுவந்தபோது, அவர் உயிருடன் நலமாக இருப்பதைக் காட்டும் ஒளிப்பதிவு ஊர்தோறும் திரையிடப்பட்டது. ஆண்டிப்பட்டியில் மீண்டும் வென்றார். கட்சி 132 இடங்களைப் பெற்றது.

இவ்வெற்றிகளை ஒளிப்படத்தின் அல்லது ஒளிப்பதிவின் கணக்கில் மட்டும் எழுத இயலாது. 1967இல் அரிசித் தட்டுப்பாடும், 1965இன் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின் தாக்கமும், கூட்டணிக் கணக்கும் இருந்தன. திமுக 137 இடங்களில் வென்றது. 1984 அக்டோபர் 31இல் இந்திரா காந்தி கொல்லப்பட்டதன் அனுதாபம் அதிமுக–காங்கிரசுக் கூட்டணிக்கும் உதவியது. தேர்தல் முடிவு உணர்வை அளக்கும் கோல் ஆகாது.

எனினும் உணர்வு இருந்தது. அதன் தன்மையே வினா. தொல்காப்பியம் கூறும் எண்வகை மெய்ப்பாடுகளுள் அழுகையை, தானே அவலித்தல், பிறர் அவலங்கண்டு அவலித்தல் என இருவகையாகப் பேராசிரியர் விரிப்பார். 1967இன் சுவரொட்டி எழுப்பியது இரண்டாம் வகை. தெய்வத்தின்மீது இவ்வகை அவலம் தோன்றுவது அரிது, உறவின்மீதே தோன்றும். நோயுற்ற உறவினரை நாம் சென்று காண்கிறோம். அவர் நம்மைக் காண வரவேண்டும் என எதிர்பார்ப்பதில்லை. சுவரொட்டி முன் நின்றவர்களும், 1984இல் இரவில் கூடி ஒளிப்பதிவைக் கண்டவர்களும் செய்தது தரிசனம் அன்று, நலம் விசாரித்தல். காணும் கடமை வேட்பாளரிடமிருந்து வாக்காளருக்கு மாறியிருந்தது, அவ்வளவே. அக்கடமையை ஏற்கத்தக்க உறவு அதற்கு முன்பே, திரையாலும் மேடையாலும் மட்டுமன்றி, கொடையாலும் நேர்ச்சந்திப்பாலும் உருவாகியிருந்தது. பாண்டியன் கூறும் பிம்பத்தை இது மறுக்கவில்லை. பிம்பம் மட்டுமே போதுமானது என்பதை மறுக்கிறது.

அதே 1967இல், படுத்துக்கொண்டே வெல்வேன் என்று காமராசர் கூறியதாக ஒரு செய்தி இன்றும் மேடைகளில் சொல்லப்படுகிறது. விருதுநகரில் அவரைத் தோற்கடித்தவர் மாணவர் இயக்கத்திலிருந்து வந்த பெ. சீனிவாசன். அக்கூற்று சொல்லப்பட்ட சூழல் எதுவாயினும், மக்கள் நினைவு அதை விடாமல் வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. படுக்கையில் இருந்த ஒருவர் வென்ற ஆண்டில், படுத்துக்கொண்டே வெல்லலாம் என்றதாகச் சொல்லப்படுபவர் தோற்றார். முன்னதில் வராமை இயலாமை. பின்னதில் அது தேவையின்மையாகக் கேட்கிறது. காமராசரின் எளிமையும் பணியும் ஐயத்திற்கு அப்பாற்பட்டவை. ஆயினும் கேட்க வராதவர் என்னும் ஒரு தொடர், நியாயமோ அன்றோ, அவற்றோடு ஒட்டிக்கொண்டுவிட்டது.

அளவீட்டின் எல்லை

அமெரிக்க அரசியலறிவியல் இப்பொருளைக் களச்சோதனைகளால் அணுகியுள்ளது. ஆலன் கெர்பரும் டொனால்ட் கிரீனும் 1998இல் நியூ ஹேவன் நகரில் சுமார் 30,000 வாக்காளர்களிடையே செய்த சோதனையில், வீடு தேடிச் சென்று பேசுவது வாக்களிப்போர் எண்ணிக்கையை உயர்த்தியது. தொலைபேசி அழைப்பால் அவ்விளைவு கிட்டவில்லை. ஜோஷுவா கல்லாவும் டேவிட் புரூக்மனும் 2018இல் 49 களச்சோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்து, பொதுத்தேர்தலில் எந்த வேட்பாளருக்கு வாக்களிப்பது என்னும் முடிவைப் பரப்புரைத் தொடர்பு மாற்றும் அளவு சராசரியில் சுழிக்கு நெருங்கியது என்றனர். முதல் முடிவு இக்கட்டுரையின் வாதத்திற்கு இசைவானது, இரண்டாவது சங்கடமானது. கட்சிப்பற்று இறுகிய அந்நாட்டுச் சூழலைத் தமிழகத்திற்கு அப்படியே பெயர்த்து வைக்க முடியாது என்பது ஒருபுறம். அவை அளப்பது வாக்கை என்பது மறுபுறம். ஒருவர் எதிர்க்கட்சிக்கே வாக்களித்துவிட்டு, ‘ஆனா அவர் வீடு தேடி வந்தார்’ என்று ஐந்தாண்டுகள் சொல்லிக்கொண்டிருக்கலாம். அவ்வுணர்வு வாக்குப்பெட்டியில் விழுவதில்லை; அதனால் அது இல்லாததாகிவிடுவதும் இல்லை.

கேட்டலின் இரு பொருள்

தமிழில் வாக்குச் ‘சேகரிக்கப்படுவது’ நாளிதழில்தான். ஊரில் ஓட்டுக் ‘கேட்கிறார்கள்’. கேள் என்னும் வினைக்கு இரத்தல், வினவுதல், செவிமடுத்தல் ஆகிய பொருள்கள் உண்டு. பெயராக நின்று அது உறவினரையும் குறிக்கும்; கேளிர் என்பது சங்க இலக்கியத்தில் பயின்ற சொல். வினையும் பெயரும் ஒரே வேரினவா என்பது மொழிநூலார் தீர்க்க வேண்டியது. ஒலியளவிலேனும் தமிழ்ச்செவிக்கு இவை அண்டை வீட்டுச் சொற்கள். ஓட்டுக் கேட்க வந்தவர் தன் குறையையும் கேட்பார் என்னும் எதிர்பார்ப்பு அச்சொல்லுக்குள்ளேயே குடியிருக்கிறது.

ஒரே தலைவரின் இரு பயணங்கள் இதனை ஆராய உதவுகின்றன. மு.க. ஸ்டாலின் 2015 செப்டம்பரில் கன்னியாகுமரியிலிருந்து ‘நமக்கு நாமே’ பயணத்தைத் தொடங்கினார். நடந்தும் மிதிவண்டியிலும் சென்று பலதரப்பினரைச் சந்தித்தார். ஒளிப்படங்கள் நிறையப் பரவின. 2016 தேர்தலில் திமுக 89 இடங்கள் பெற்றது. 2011இன் 23ஐவிடப் பெரிய உயர்வு, எனினும் தோல்வி. 2021 ஜனவரியில் திருவண்ணாமலையில் தொடங்கிய ‘உங்கள் தொகுதியில் ஸ்டாலின்’ நிகழ்வின் நடுப்பொருள் ஒரு பெட்டி. வந்தவர்கள் குறைகளை மனுவாக எழுதிப் போட்டனர். பதிவெண்ணுடன் ஒப்புகைச்சீட்டுப் பெற்றனர். சில மனுக்கள் மேடையிலேயே எடுக்கப்பட்டு, எழுதியவர் பெயர் சொல்லி அழைக்கப்பட்டார். ஆட்சிக்கு வந்தால் 100 நாள்களுக்குள் தீர்வு என்பது வாக்குறுதி. பெட்டி மேடையிலேயே பூட்டப்பட்டது.

2016இன் தோல்வியையும் 2021இன் வெற்றியையும் இவ்விரு வடிவங்களின் விளைவாகக் கொள்வது எளிமைப்படுத்தலாகும். இடையில் ஜெயலலிதாவும் கருணாநிதியும் மறைந்தனர். பத்தாண்டு ஆட்சியின் சலிப்பும் இருந்தது. இங்குக் கருதத்தக்கது வடிவ வேறுபாடு. முதற்பயணத்தில் மக்கள் தலைவரைக் கண்டனர். கண்டதற்குச் சான்று தலைவரின் ஒளிப்படம். இரண்டாவதில் சான்று வாக்காளரின் கையில் இருந்த சீட்டு. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துத் திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுக்கொடுத்துப் பழகிய கைகளுக்கு அச்சீட்டின் பொருள் நன்கு தெரியும். ‘என் குரல் ஓரிடத்தில் பதிவாகியிருக்கிறது’ என்பதே அது. கேட்டல் இங்கு இரு பொருளிலும் நிகழ்ந்தது.

இவ்வடிவத்தின் குறையையும் சொல்ல வேண்டும். பூட்டிய பெட்டி, செவிமடுத்தலை வெற்றிக்குப் பிந்தியதாகத் தள்ளிவைக்கிறது. முதலில் வாக்கு, பிறகு சாவி. எதிர்க்கட்சித் தலைவராகவே கேட்டுச் செயலாற்றக்கூடிய குறைகளும் அப்பெட்டிக்குள் இருந்திருக்கும். 2021 மே மாதம் ஆட்சி அமைந்தபின் ‘உங்கள் தொகுதியில் முதலமைச்சர்’ என்னும் அமைப்பு அம்மனுக்களை எடுத்துக்கொண்டபோது, வேட்பாளரிடம் சொன்ன குறை அரசிடம் கொடுத்த விண்ணப்பமாக மாறியது. உறவின் மொழியில் பேசியவர்கள் கோப்பின் மொழியில் விடை பெற்றனர். சாலையோ உதவித்தொகையோ கிடைத்தவருக்கு இது பொருட்டாக இராது. ‘பரிசீலிக்கப்பட்டது’ என்னும் ஒரு சொல்லை மட்டும் பெற்றவருக்கு, தம்மைக் கேட்டவர் யார் என்ற ஐயம் எழுவது இயல்பு.

கேளாக் குரல்

தேர்தல் நெருங்கும்போது கைப்பேசி ஒலிக்கிறது. எடுத்தால், பதிவுசெய்யப்பட்ட தலைவரின் குரல் வணக்கம் கூறுகிறது. சிலர் பதிலுக்கு வணக்கம் கூறிவிட்டு, குரல் தொடர்வதைக் கேட்டபின்னரே அது பதிவு என்பதை உணர்கின்றனர். முதியவர்களிடம் இது மிகுதி. அச்சிறு ஏமாற்றம் நகைச்சுவையாகவே பேசப்படுகிறது. ஆனால் தொடர்புச் செலவைக் குறைத்த அதே கருவி, வாக்காளரை மீண்டும் உலாவின் வீதியோரத்தில் நிறுத்திவிடுகிறது. இம்முறை காண்பதற்கு ஊர்தியும் இல்லை.

2024இல் இது மேலும் ஒரு படி நகர்ந்தது. அவ்வாண்டு ஜனவரியில் செயற்கை நுண்ணறிவால் உருவாக்கப்பட்ட கருணாநிதியின் உருவம் ஒரு நூல் வெளியீட்டு விழாவில் உரையாற்றியது. பிப்ரவரியில், ஜெயலலிதாவின் பிறந்தநாளையொட்டி, அவர் குரலில் அமைந்த ஒலிப்பதிவை அதிமுக வெளியிட்டது. இரண்டும் ஆரவாரத்துடன் வரவேற்கப்பட்டன. 1984இன் ஒளிப்பதிவு, உயிருடன் இருக்கும் ஒருவர் உயிருடன் இருக்கிறார் என்பதற்குச் சான்றாக நின்றது. அதைக் கண்டவர் நலம் விசாரிக்க முடிந்தது. இப்பதிவுகளில் விசாரிக்க நலம் ஏதுமில்லை. உடன்பிறப்பையும் பிள்ளைகளையும் அழைக்கும் குரல் பழைய அச்சிலேயே இருக்கிறது. ஏக்கமும் கண்ணீரும் உண்மையானவை. எதிரே நிற்பவர் ‘எங்க தெருவுக்குத் தண்ணி வரலை’ என்று சொன்னால், அக்குரல் தன் அடுத்த தொடருக்குச் செல்லும்.